கிணற்றில் கழுவிய படம்

படத்தில் ஏழுமலை திருடிக்கொண்டிருந்தான்.

சந்தேகத்துக்கே இடமில்லை. கல்கத்தா துறைமுகத்தின் கிடர்பூர் டாக்கில் ஒரு ஷெட் வாசல். உடைத்த பெட்டிமுன் குனிந்து ஒரு பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகுகிறான். முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கரும்பலகை, அதில் சாக்கட்டியால் எழுதிய ஒரு கப்பலின் பெயர். அந்தக் கப்பல் சென்ற வியாழன் மத்தியானம் உள்ளே வந்து, சரக்கை இறக்கிவிட்டு, அன்று ராத்திரியே ஆற்றின் நீரேற்றத்தோடு வெளியேறிவிட்டது. போன கப்பலின் பெயரைப் பலகையில் விட்டுவைப்பதில்லை. ஆக, திருட்டு நடந்தது வியாழன் சாயங்காலம். வேறு எந்த நாளாகவும் இருக்க முடியாது.

படத்தை யாரோ பெயர் போடாமல் தபாலில் அனுப்பியிருந்தார்கள். ஒரு பிரதி ஆபீசுக்கு, ஒரு பிரதி யூனியனுக்கு. நாளைக் காலை விசாரணை. வேலை போகும், வாசலில் போலீஸ் ஜீப் காத்திருக்கும்.

"எவ்வளவு லட்சணமா திருடறார் பாருங்க சார்," என்றாள் காமு. "கல்யாண ஆல்பத்துலகூட மாப்பிள்ளை இப்படி முகம் காட்டமாட்டார்."

துப்பறியும் மஹாதேவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்து, லேக் மார்க்கெட்டில் ஒரு மதராஸி மெஸ்ஸின் மாடியில் போர்டு மாட்டியவர் அவர். காமு பெயருக்கு டைப்பிஸ்ட். கல்கத்தாவிலேயே பிறந்தவள். கணக்குப் போடுவது பெங்காலியில், திட்டுவது தமிழில். கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது. மின்விசிறி மே மாத வெயிலில் செத்த காக்கை மாதிரி தொங்கியது.

எதிர் நாற்காலியின் நுனியில் ஏழுமலையின் மனைவி சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். யூனியனுக்கு வந்த பிரதியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான்.

"அவரு செய்யலீங்க," என்றாள் மறுபடியும். "அன்னிக்குச் சாயந்தரம் அவரு டாக்குலயே இல்ல. டூட்டி முடிஞ்சு ஊர்லேர்ந்து வந்த சாமானை வாங்கப் போயிருந்தாரு."

சம்சாரம் சொல்லும் சாட்சியை எந்த ஆபீசரும் எழுதிக்கொள்ள மாட்டார் என்று மஹாதேவன் மெதுவாகச் சொன்னார். ஏழுமலை என்ன சொல்கிறான் என்று கேட்டார். அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய துக்கம். செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. சஸ்பெண்ட் ஆர்டரை வாங்கி மடித்து வைத்துவிட்டு, ஆனது ஆச்சு விடு என்கிறான்.

விரோதிகள்? யாருமில்லை. ஷெட்டில் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுகிறவன், யாருடைய வம்புக்கும் போகாதவன். "போர்டுல அந்த எழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கில்ல? அது அவரு எழுத்துதாங்க. தினம் அவருதான் எழுதுவாரு," என்று அந்த நேரத்திலும் பெருமைப்பட்டாள். ஒரே ஒருவனோடுதான் பேச்சுவார்த்தை கிடையாது: கூலி மேஸ்திரி மாரியப்பன். ஏழுமலையின் தம்பி கோபுவை, நைந்த கயிற்றுக்குக் கீழே நிற்கவைத்து வேலை வாங்கியவன். போன தையில் சுமை அறுந்து விழுந்து, கோபு கப்பலின் அடித்தட்டிலேயே போய்விட்டான். ஆனால் அந்த மேஸ்திரியும் இப்போது உயிரோடு இல்லை.

காமுவுக்கு அது பேப்பரில் படித்த ஞாபகம். ஹவுராப் பக்கம் ஒரு படித்துறையில் மண்டை உடைந்து கிடந்தான். எதைக்கொண்டு அடித்தார்கள் என்பது தெரியவில்லை. கைவண்டி இழுக்கும் ஒருவனைப் பிடித்திருந்தார்கள்.

"கலியன்," என்றாள் சௌந்தரம். "எங்க காம்பவுண்டுதான். குடிச்சிட்டு மேஸ்திரியைக் கொல்லுவேன்னு கத்தினான், அதுக்குப் புடிச்சிட்டாங்க. அவன் பொண்டாட்டி அருக்காணிக்கும் ரெண்டு புள்ளைங்களுக்கும் நான்தான் சோறு போடறேன். நாளைக்கு எனக்கு யாரு போடுவாங்களோ."

மஹாதேவன் படத்தை மேஜைமேல் வைத்தார். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, மறைந்திருந்து எடுத்தவன் நின்றபடி எடுக்கவில்லை. படம் இடுப்புயரத்துக்கும் கீழேயிருந்து எடுத்தது.

"குள்ளனா இருப்பான்," என்றாள் காமு. "இல்லாட்டி காலில் விழுந்துட்டு எடுத்திருப்பான்."

"இரண்டு, இந்த வானம். வெள்ளையா இருக்கணும். என்ன கலர் இது?"

காமு குனிந்து பார்த்தாள். ஷெட்டுக்கு மேலே வானம் இருந்த இடம், படத்தைச் சுற்றியிருந்த விளிம்பு, எல்லாம் ஒரு மாதிரி நீலம் கலந்த சாம்பல். பேனா கழுவிய தண்ணீரின் நிறம்.

"அழுக்கு," என்றாள்.

"அழுக்கு இப்படிச் சமமா ஒட்டாது. இந்தக் கறை படம் குளிச்ச தண்ணியிலேயே இருந்திருக்கு. படத்தைக் கழுவின தண்ணி எதுன்னு கண்டுபிடிச்சா, கழுவினவன் கிடைப்பான்."

சௌந்தரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

*

காளிகாட்டில் கோயில் சந்துக்குள் நிதாய் பாலின் ஸ்டூடியோ. புதுசாகக் கல்யாணமானவர்கள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே வந்து நிற்கிற இடம். பின்கட்டில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, அதை ஒட்டி ஒரு இருட்டறை. மூக்கை அரிக்கும் மருந்து நெடி.

"நிதாய்தா, உங்க வீட்டுக் கிணறு எதுக்கு?" என்று காமு பெங்காலியில் ஆரம்பித்தாள்.

நிதாய் பால் பேசக் கிடைத்த வாய்ப்பை விடவில்லை. இந்த மாசத்தில் குழாயில் வருவது தண்ணீரா, டீயா? மாடித் தொட்டியில் காய்ந்து கொதித்து வருகிறது. அதில் படத்தைப் போட்டால் காகிதத்தின்மேல் பூசிய பூச்சு பாலாடை மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். மாப்பிள்ளை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். ஆகவே கோடையில் கெட்டிக்காரர்கள் எல்லாரும் கிணற்றுத் தண்ணீர்தான். ஆழத்துத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். ஆனால் அதற்கும் ஒரு தண்டம் உண்டு. இந்த ஊர்க் கிணறுகளில் இரும்பு. படம் நாளாவட்டத்தில் மஞ்சளடிக்கும். சுவரில் மாட்டியிருந்த சில தம்பதிகளைக் காட்டினான். எல்லாருக்கும் லேசாக மஞ்சள் காமாலை.

"கலங்கின தண்ணீருக்கு நான் படிகாரம் போடுகிறேன். ஊரே அதுதான் போடுகிறது," என்றான்.

மஹாதேவன் படத்தை நீட்டினார். நிதாய் அதைப் புரட்டினான், முகர்ந்தான், விளிம்பை நாக்கால் தொட்டும் பார்த்தான். முகத்தில் இருந்த வியாபாரச் சிரிப்பு போய்விட்டது. இது மஞ்சள் இல்லை, நீலம் என்றான். இத்தனை வருஷத்தில் எந்தத் தண்ணீரும் இப்படிச் செய்து பார்த்ததில்லை என்றான்.

"இது தண்ணீரே இல்லை மொஷாய். எவனோ மசியில் கழுவியிருக்கிறான்."

வெளியே வந்து சந்தில் நடந்தார்கள். பூக்கடைகளும் பேடாக் கடைகளும் வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தன. மசியைக் காசு கொடுத்து வாங்கிப் படம் கழுவுகிற பைத்தியம் யார் என்று காமு கேட்டாள். மஹாதேவன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவர்போல, அந்தக் காலத்தில் மசி எப்படிக் காய்ச்சினார்கள் தெரியுமா என்றார். இரும்பும் துவர்ப்பும். கடுக்காய் மாதிரி துவர்க்கிற எதையாவது இரும்போடு சேர்த்தால் கறுப்பு. இரும்பு கிணற்றிலேயே இருக்கிறது. துவர்ப்பு எங்கேயிருந்து வந்தது?

காமு நின்றுவிட்டாள். எதிரே ஊறுகாய்க் கடை. கண்ணாடி ஜாடிகளில் மாங்காய், எலுமிச்சை, ஜீராவில் மிதக்கும் நெல்லிக்காய்.

"சார், நெல்லிக்காய் நறுக்கினா அரிவாள்மணை கறுத்துப்போகும். விரல் நுனியெல்லாம் மசி ஒட்டின மாதிரி ஆயிடும். எங்கம்மா ஒவ்வொரு வருஷமும் அதுக்கு என்னைத் திட்டுவா."

"கிணத்துக்குள்ள யாரும் நெல்லிக்காய் ஊறுகாய் போடமாட்டாங்க."

"அதானே," என்று காமு சோர்ந்தாள்.

இப்போது மஹாதேவன் நின்றார். "காய் போடமாட்டாங்க. கட்டை போடுவாங்க."

அவர் ஊர்ப் பக்கம் கிணறு உப்புக் கரித்தால் நெல்லிமரக் கட்டையை வெட்டி அடியில் இறக்குவார்கள். கரிப்பு அடங்கும், தண்ணீர் இனிக்கும். இந்த ஊரில் படிகாரம்தான், நிதாய் இப்போதுதானே சொன்னான். கட்டை தேடுகிறவன் நம்மவன்.

காமு உதட்டைப் பிதுக்கினாள். "ஆக, காட்டிக் கொடுத்ததும் நம்ம ஆளு. ஆயிரம் மைல் தாண்டி வந்தும் பங்காளிச் சண்டைக்குக் குறைச்சல் இல்லை."

"கிடர்பூர்ல தமிழ்க் காம்பவுண்டு, அதுல கிணறு. எத்தனை இருக்கும்?"

"சௌந்தரத்தையே கேட்டா போச்சு," என்றாள் காமு, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியபடி.

*

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

டாக்கின் மதிலை ஒட்டிய சந்தில், ஓட்டு வீடுகள் நாலு பக்கமும் சூழ்ந்த ஒரு காம்பவுண்டு. நடுவில் கிணறு. குறுக்கே கட்டிய கொடியில் வேட்டி, பனியன், துண்டு. எல்லாம் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தவை. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

காமு படத்தை எடுத்து ஒரு வேட்டியின் பக்கத்தில் பிடித்தாள். படத்தின் வானமும் வேட்டியும் ஒரே நிறம்.

கிணற்றில் ஒரு மெலிந்த பெண் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். ராட்டினம் கிறீச்சிட்டது. "அவதான் அருக்காணி," என்றபடி சௌந்தரம் வெளியே வந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் பயமும் நம்பிக்கையும் ஒன்றாக ஏறின. காமு படத்தைச் சட்டென்று பைக்குள் வைத்துக்கொண்டு, துணி ஏன் இப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"அத ஏம்மா கேக்குற. இப்ப கொஞ்ச நாளாத்தான். வெள்ளைத் துணி போட்டா பூனை நிறமாயிடுது. ஆனா தண்ணி இருக்கு பாரு, கரிப்பே போயிடுச்சு. எங்கப்பா ஊர்லேர்ந்து நெல்லிக்கட்டை குடுத்தனுப்பினாரு. தொடை தண்டி."

"எப்போ போட்டீங்க?" என்றார் மஹாதேவன்.

"அதைத்தாங்க காலையில சொல்ல வந்தேன், நீங்க எடுபடாதுன்னுட்டீங்க." சௌந்தரத்தின் குரலில் வேகம் வந்தது. "வியாழக்கெழமை சாயந்தரம் இவருதான் ஹவுரா ஸ்டேஷனுக்குப் போயி, மெட்ராஸ் வண்டியில வந்த ஊர்க்காரர்கிட்ட வாங்கியாந்தாரு. வண்டி லேட்டாம். கட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படகேறி வந்திருக்காரு. சட்டையெல்லாம் சேறு. குளிச்சிட்டுச் சாப்பிடுங்க, கட்டையை நாளைக்கு எறக்கிக்கலாம்னு சொன்னேன், கேக்கல. இருட்டுலயே கல்லைக் கட்டிக் கிணத்துல எறக்கிட்டுத்தான் உள்ள வந்தாரு. அந்த ஊர்க்காரரு இன்னும் இங்கதான் இருக்காரு, சாட்சி சொல்லுவாரு. இப்ப எடுபடுமில்ல ஐயா? அவரு ஹவுராவுல இருந்தாரு. டாக்குல இல்ல."

காமுவின் வாயில் ஒரு தமாஷ் தயாராக இருந்தது. அது அங்கேயே செத்துப்போயிற்று. ஹவுரா. படித்துறை. மேஸ்திரி செத்ததும் வியாழன் சாயங்காலம்தான் என்று பேப்பரில் போட்டிருந்ததே. அவள் மஹாதேவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கிணற்றை ஒட்டியிருந்த பூட்டிய சின்ன அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலின் உள்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது.

அது செத்துப்போன கோபுவின் போட்டோ ரூம் என்றாள் சௌந்தரம். கப்பல்காரன் ஒருவனிடம் பழைய காமிரா வாங்கி, சந்தில் நடக்கிற காதுகுத்து, சீமந்தம் எல்லாம் அவன்தான் எடுப்பான். சாவி இப்போது அண்ணனிடம் இருக்கிறது.

"உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"தெருக்குழாய்க்குப் போயிருக்காரு. அது ஒரு கூத்துங்க. சொமந்துக்கிட்டு வந்த மனுசன் இந்தத் தண்ணியை ஒரு வாய் குடிக்கல. தெனம் குழாயடியில வரிசையில நின்னு ஒரு குடம் புடிச்சிக்கிட்டு வராரு."

மஹாதேவனின் முகம் அப்போதுதான் மாறியது. காமு அவரோடு இத்தனை நாள் வேலை செய்ததில் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு புதிர் அவிழ்ந்த முகம் இல்லை அது.

வாசலில் ஏழுமலை குடத்தோடு வந்து நின்றான். காய்ந்த, உயரமான மனிதன். கொடியையும் கிணற்றையும் வந்தவர்களையும் ஒரு தடவை பார்த்தான். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவருவதாகச் சொல்லி சௌந்தரம் உள்ளே ஓடினாள்.

*

அறைக்குள் மூன்று பேர் நிற்க இடமில்லை. தட்டுகள், காய்ந்த மருந்துப் பொடி, அலமாரியில் காமிரா. அதன் முகத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கொக்கி. மஹாதேவன் அதைக் கீழே இழுத்துவிட்டார். கிர்ரென்று மெல்ல ஓடி, தானாகவே 'க்ளிக்' என்றது. எடுக்க ஆள் தேவையில்லை.

குள்ளன் இல்லை, காமிராவைப் பெட்டிமேல் வைத்திருக்கிறான். காமுவுக்குத் தன் பேச்சு கசந்தது.

"போர்டு உங்க எழுத்து," என்றார் மஹாதேவன். "கப்பல் போனப்புறம் ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்துல அதே பேரை மறுபடி எழுதி, நீங்களே படமெடுத்து, நீங்களே தபால்ல போட்டிருக்கீங்க. திருட்டுன்னா வேலை போகும், கொஞ்ச நாள் ஜெயில். பரவாயில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் டாக்குல திருடினவன், அதே நேரத்துல ஹவுராவுல இருக்க முடியாது."

ஏழுமலை சுவரில் சாய்ந்துகொண்டான்.  "கோபு எப்பவும் கிணத்துத் தண்ணிதான் சார் எடுப்பான். கொழாத் தண்ணி சூடு அண்ணே, படம் உரிஞ்சிபூடும்பான். அவன் செஞ்ச மாதிரியே செஞ்சேன். கட்டையை நெனைக்கல."

"நெனைக்கக் கூடாதுன்னு இருந்திருக்கீங்க."

அவன் மறுக்கவில்லை. நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னான். படகுக்காகப் படித்துறையில் நின்றிருக்கிறான். மாரியப்பன் படியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தான். கட்டையைப் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பாடை கட்டவா ஊர்லேர்ந்து வரவழைச்சே என்று சிரித்தான்.

"தோள்லேர்ந்து எறக்கினேன் சார். எறக்கினது வரைக்கும்தான் தெரியுது."

காமு கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் ஏறியிருந்த கறை எந்தக் கட்டையின் கறை என்பது இப்போதுதான் முழுசாக உறைத்தது. நாலு வீட்டுச் சனம் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தது, அதில்தான் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே ராட்டினம் மறுபடியும் கிறீச்சிட்டது.

"கலியன்?" என்றார் மஹாதேவன்.

"வுட்டுடுவாங்கன்னு நெனச்சேன். சாட்சி இல்லியே." அவன் குரல் தேய்ந்தது. "வுடல. தெனம் அந்தப் பொண்ணு எம் பொண்டாட்டி கையால சோறு வாங்கிட்டு, நீங்க நல்லா இருக்கணும்ணேன்னு சொல்லிட்டுப் போவுது."

"உங்க மனைவி எங்கிட்ட ஒரு வேலை கொடுத்தாங்க. இந்தப் படம் பொய்னு நிரூபிக்கணும்னு. நிரூபிச்சாச்சு." மஹாதேவன் காமுவின் பையிலிருந்து படத்தை வாங்கி அவன் கையில் வைத்தார். "நாளைக்கு விசாரணையில நான் வாயைத் திறந்தா உங்க உயிரு போகும். திறக்கலேன்னா கலியன் உயிரு. அதுக்குள்ள நீங்க திறந்துட்டா, கோபத்துல நடந்ததுன்னு சொல்ல ஒரு வழியாவது இருக்கும்."

ஏழுமலை படத்தைப் பார்த்தான். திருடிக்கொண்டிருந்த தன் முகத்தை, அதுதான் தப்பிக்கக் கிடைத்த ஒரே முகம் என்பதுபோல் பார்த்தான்.

சௌந்தரம் வாசலில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் டம்ளர், நிறையத் தண்ணீர். ஒன்றைக் காமுவின் கையில் திணித்தாள். "குடிச்சுப் பாரும்மா. நம்மூர்த் தண்ணி மாதிரி இனிக்கும்."

டம்ளர் ஜில்லென்று இருந்தது. காமு அதை உயர்த்தவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. சௌந்தரம் சிரித்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தண்ணியைக் குடுக்காத, சௌந்தரம்," என்றான் ஏழுமலை.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அவள் முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

அவன் அவளைத் தாண்டி வெளியே போனான். தாழ்வாரத்து ஆணியில் கிணற்றில் விழுந்ததை எடுக்கிற பாதாளக்கரண்டி தொங்கியது. அதை எடுத்துக் கயிற்றைப் பிரித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அருக்காணியைத் தள்ளி நிற்கச் சொன்னான். கொக்கிகள் சுவரில் மோதிக் கலகலவென்று இறங்கின.

"என்னண்ணே," என்றாள் அருக்காணி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. "வாளி வுழுந்துடுச்சா?"

ஏழுமலை கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தான்.